ஹால்வரைப் பின்னால் தள்ளியவன்

ஹால்வரை எங்கள் அணியிலிருந்து வெளியே அனுப்பியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இரண்டு நாள் கழித்து அவனை எந்த அணி எடுத்துக்கொண்டது என்று கேள்விப்பட்டபோது அதே தொண்டையிலிருந்து என்னென்னவோ வசவு வந்தது. எழுதினால் என் மனைவி ஓடெட் படிப்பாள், வேண்டாம். மில்வாக்கிக்காரர்கள் எடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை நாங்கள் மோதவேண்டிய அதே மில்வாக்கி.

எல்லா அணிகளும் செய்கிற வேலைதான் இது. அடுத்த ஆட்டம் யாரோடோ, அவர்கள் கழித்துவிட்ட ஆளைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, உள்ளதையெல்லாம் கறந்துவிடுவார்கள். கறந்தபிறகு வைத்துக்கொள்வதும் துரத்துவதும் அவர்கள் இஷ்டம். ஆனால் ஹால்வரிடம் கறக்க வேறு என்ன இருக்கிறது? கோடை முழுக்க அவன் முகத்துக்கு நேரே நின்றது நான்தான்.

அமெரிக்கக் கால்பந்தில் என் வேலை இவ்வளவுதான். எதிரணியில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் அதை எறிவதற்குள் நான் போய் அவனைச் சாய்க்க வேண்டும். வரிசையின் ஓரத்தில் ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்பேன். எனக்கு எதிரே, என்னைவிட அரை ஆள் கூடுதலாக, ஹால்வர் மாதிரி ஒரு மலைமாடு நிற்கும். அதைத் தாண்டித்தான் போகவேண்டும். முட்டித் தள்ளலாம். அவன் கையை வெட்டிவிட்டு ஓரமாக வளைந்து ஓடலாம். நீச்சல் அடிக்கிற மாதிரி கையை மேலே போட்டுக் கடக்கலாம். கையை நீட்டுவதுபோல் காட்டி, அவன் அடிக்கும்போது ஆளே இல்லாமல் குனிந்து நழுவலாம்; இதற்குப் பேய் என்று பெயர். என் வித்தை வேறு. ஓரமாக ஓடுவதுபோல் ஓடி, மறிப்பவன் என்னைத் துரத்திச் சாய்கிற நேரத்தில், என் முதுகை அவன் விலாவில் தேய்த்துக்கொண்டு ஒரு சுழற்சி. உள்ளே புகுந்துவிடுவேன். லூசியானாவில் பள்ளிக்கூடத்தில் ஆடியபோது அதைத் தடுக்க ஒருத்தனும் பிறக்கவில்லை. அதை வைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அதை மட்டுமே வைத்திருந்ததால்தான் இரண்டு அணிகள் என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளின.

மூன்றாவது அணி இந்தக் கொலம்பஸ். இதுதான் கடைசி என்று ஓடெட்டிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். இங்கேயும் இடம் கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பி, அவளுடைய மாமா வேலை பார்க்கிற எண்ணெய் ஆலையில் சேர்ந்துவிட வேண்டும். பந்தும் வேண்டாம், வருஷா வருஷம் பெட்டி கட்டுவதும் வேண்டாம். அவள் கேட்டதில் தப்பே இல்லை. தப்பில்லாததால்தான் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

கோடைப் பயிற்சி முகாமில் தினமும் ஒற்றைக்கு ஒற்றை மோதவிடுவார்கள். மறிப்பவன் ஒருவன், பாய்கிறவன் ஒருவன், சுற்றிலும் மொத்த அணியும் நின்று ஊளையிடும். எனக்கு வாய்த்தவன் ஹால்வர். மின்னசோட்டாவில் பால்பண்ணை வைத்திருக்கிற குடும்பம். சாப்பாட்டு மேசையில் நான் மிளகாய்ச் சாஸ் பாட்டிலைத் திறந்தாலே அவனுக்குக் கண்ணில் நீர் வரும். அறையும் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். பயிற்சி முடிந்ததும் புல்லில் உட்கார்ந்து, யார் எதனால் தோற்றோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். முகாம்களில் அது வழக்கம். ஒரே அணிதானே, ஒளித்துவைத்து என்ன ஆகப்போகிறது?

“நீ சுத்தறதுக்கு முன்னாடி மூச்ச இழுத்துப் பிடிக்கிறடா” என்றான் ஒருநாள்.

“போடா, கதை விடாத.”

“நெஜமா. தண்ணிக்குள்ள முங்கப்போறவன் மாதிரி. ஹெல்மெட்டுக்குள்ள எனக்கே கேக்குது.”

“சரி, உன்னுதையும் கேட்டுக்கோ. பந்தை எறியப்போற ஆட்டம்னா உன் எடது கால் கொஞ்சம் பின்னாடி போயிடுது. தூக்கிட்டு ஓடற ஆட்டம்னா ரெண்டும் சமமா நிக்குது. உன் காலப் பாத்தே நான் கௌம்பிடறேன்.”

அவன் குனிந்து தன் காலையே கொஞ்ச நேரம் பார்த்தான். “அடப்பாவி, இத்தன நாளா சொல்லாம இருந்தியேடா” என்றான்.

அப்படிப்பட்டவன் இப்போது மில்வாக்கியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் முட்டி தானாக ஆடியது. சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்தில் இருந்தவன் “டேய், மேசை நடுங்குது, எழுந்து போயிடு” என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போனான். சுழற்சியை ஹால்வரிடம் போட முடியாது, அவனுக்குத் தெரியும். சரி, சுழலப்போவதுபோல் காட்டிவிட்டு ஓரமாக ஓடலாம். அதையும் எதிர்பார்ப்பானே? எதிர்பார்ப்பான் என்று நான் நினைப்பேன் என்று அவன் நினைத்தால்? குளியலறைக் கதவை ஹால்வராக வைத்துப் பேய் வித்தையைப் பழகினேன். தோள் பட்டுக் கதவு கீலோடு கழன்று வந்தது. விடுதிக்காரன் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மிச்ச நாளெல்லாம் கதவில்லாத குளியலறை.

ஹால்வரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. “வெள்ளிக்கிழமை நல்லா சாப்டுட்டு வாடா.” அவ்வளவுதான். பதில் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன், கடைசியில் போனைக் கட்டில்மேல் எறிந்தேன். அது எகிறிக் கீழே விழுந்தது.

எங்கள் வரிசைக்குப் பயிற்சியாளர் கோச் ப்ரூயிட். குட்டையான மனிதர், தொண்டை மட்டும் லாரி ஹாரன். வியாழக்கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ரெமி டெரியோ, ஓரத்துல மிச்சம் இருக்கறது ஒரே எடம். நீயும் வின்ஸ்லோவும். வின்ஸ்லோவ காலேஜ்லருந்து தேடிப் புடிச்சி எடுத்தது மேல இருக்கறவங்க. அது உனக்கே தெரியும்.”

“தெரியும் கோச்.”

“நீ சுத்துனா எனக்கு பக்குங்குது. ஏன்னு சொல்லு.”

“ஓரத்துக் கதவு தெறந்துடும் கோச்.”

“தெறந்துடும். நீ உள்ள பம்பரம் விட்டுட்டிருப்ப, பந்து வெச்சிருக்கறவன் வெளிய வாக்கிங் போயிடுவான். நாளைக்கு எனக்கு ரெண்டு விஷயம் காட்டு. மொதல்ல போட்டது பலிக்கலன்னா ரெண்டாவது ஒண்ணு கையில இருக்கணும். ஓரத்த உயிரே போனாலும் விடக்கூடாது. புரியுதா?”

“புரியுது கோச்.”

“மொதல்ல காலை ஆட்டாம நில்லு. எனக்கே தல சுத்துது.”

வெள்ளிக்கிழமை ஆட்டம் எங்கள் மைதானத்தில். பெயர் பெற்றவர்களெல்லாம் முதல் பாதியோடு தொப்பி மாட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார்கள். பருவம் தொடங்குமுன் ஆடுகிற ஆட்டத்தில் அவர்களுக்கு என்ன வந்தது? இரண்டாம் பாதி எங்களைப் போன்றவர்களுக்கு. உள்ளே இருக்கிறோமா வெளியே போகிறோமா என்று தெரியாமல் விழிக்கிறவர்களுக்கு. அந்தப் பக்கத்திலிருந்து ஹால்வரும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு இறங்கினான். வேறு நிறச் சட்டையில் அவனைப் பார்க்க எனக்கு அசிங்கமாக இருந்தது.

எனக்கு எதிரே வந்து குனிந்தான்.

“என்னடா ரெமி, எளச்சிட்ட?”

“வாயை மூட்றா துரோகி.”

“ஓடெட் நல்லாருக்காளா?”

“உன்னச் செருப்பால அடிப்பேன்னு சொன்னா.”

“அப்ப நல்லாத்தான் இருக்கா” என்றான்.

பந்து நகர்ந்தது. ஓரமாகப் பாய்ந்தேன். அவன் அவசரமே படாமல் பின்னுக்கு நழுவி நழுவி வந்து, வளைகிற இடத்தில் என் விலாவில் ஒரு கையை வைத்து அப்படியே மைதானத்துக்கு வெளியே வழியனுப்பி வைத்தான். அடுத்த முறை முட்டினேன். இடுப்பை இறக்கிக்கொண்டு நின்றுவிட்டான், சுவர். அடுத்தது பேய். கதவையே பெயர்த்த பேய்! கையை நீட்டிக் காட்டினேன். அவன் அடிக்கவேயில்லை. குனிந்து நழுவப் போனவனின் முதுகில் சாவகாசமாக ஒரு கையை வைத்து அழுத்தினான். புல் வாய்க்குள் போனது.

“இத எப்ப கத்துக்கிட்ட? நல்லாருக்கு” என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டான். கையைத் தட்டிவிட்டு நானே எழுந்தேன்.

மறுபக்கத்து ஓரத்தில் வின்ஸ்லோ ஆடிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதிரே நின்றவன் ஏற்கெனவே இரண்டு தரம் கோட்டை விட்டிருந்தான். நம் தலையெழுத்து, நமக்குத்தான் ஹால்வர்.

அப்போதுதான் அவன் காலைப் பார்த்தேன். இடது கால் பின்னால் போயிருந்தது! நான் சொல்லிக்கொடுத்தும் இந்த மடையன் திருத்திக்கொள்ளவில்லை. எறியப்போகிறார்கள். பந்து அசைந்ததும் குறுக்கே எதையும் பாராமல் ஓரமாக ஒரே ஓட்டம். ஹால்வர் என்னைத் தடுக்கக்கூட இல்லை, வழிவிட்டான். எனக்குப் புரிவதற்குள் பந்தைத் தூக்கிக்கொண்டு ஒருத்தன், நான் காலி செய்துவிட்டுப் போன அதே இடத்தின் வழியாக ஓடிக்கொண்டிருந்தான். நீண்ட தூரம் ஓடினான். மைதானமே என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது.

“சொல்லிக்குடுத்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ்டா” என்றான் ஹால்வர்.

எனக்கு வந்த கோபத்தில் அவன் கவசத்தோடு சேர்த்துத் தலையைக் கடித்திருப்பேன். எல்லைக்கோட்டில் கோச் ப்ரூயிட் குதித்துக்கொண்டிருந்தார். “ஓரம்! டெரியோ, ஓரம்! உன்னைப் பெத்தவங்களுக்கு நான் என்னடா பாவம் செஞ்சேன்!”

கடைசி நேரம் வந்தது. மில்வாக்கிக்காரர்கள் தோற்றுக்கொண்டிருந்தார்கள், எறிந்தே ஆக வேண்டும். இனி காலைப் பார்க்க வேண்டியதில்லை, ஒளிக்க ஒன்றுமில்லை. நானும் அவனும்தான். இருவருக்கும் மூச்சு இரைத்தது. அவன் மூக்கிலிருந்து வியர்வை சொட்டியது. இப்போது அவன் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. ஒருமுறை வெட்டிப் பார்த்தேன், அடுத்து நீச்சல். இரண்டும் கிட்டத்தட்ட. கிட்டத்தட்டவுக்கு எந்த அணியும் இடம் கொடுப்பதில்லை. கால், தோள், இடுப்பு எல்லாம் சேர்ந்து ஒரே குரலில் கெஞ்சின: சுத்துடா, சுத்துடா, உனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதுதானே!

அவனைப் பார்த்தேன். அவனும் அதற்குத்தான் காத்திருந்தான். உள்பக்கத்துக் கை கொஞ்சம் தாழ்ந்து தயாராக இருந்தது. நெருக்கடி வந்தால் ரெமி சுற்றுவான், ஹால்வருக்குத் தெரியாதா?

பந்து நகர்ந்தது. ஓரமாக மூன்று எட்டு வைத்து அவனை ஒட்டி வந்ததும், வாயைத் திறந்து ஊருக்கே கேட்கிறமாதிரி மூச்சை இழுத்துப் பிடித்தேன்.

அவன் கேட்டுவிட்டான். சுழற்சியைப் பிடிக்க உள்பக்கம் திரும்பிக் குதிகாலில் உட்கார்ந்தான். நான் சுழலவில்லை. உள்பக்கத்துக் கையை விறைப்பாக நீட்டி அவன் நெஞ்சு நடுவில் கொடுத்தேன். ஒரே கை. அழகில்லாத வேலை, கூட்டம் கைதட்டுகிற வேலையே இல்லை. கால்களைக் குத்திக் குத்தி நடந்தேன். குதிகாலில் நிற்கிறவனுக்கு ஏது பலம்? ஹால்வர் பின்னால் போனான். இன்னும் போனான். அந்த மலையே வண்டி மாதிரி பின்னால் உருண்டது. ஓரத்தை நான் விடவில்லை. வெளிக்கை சும்மாவே இருந்தது, கதவு பூட்டியே இருந்தது. குவார்ட்டர்பேக் எங்களைப் பார்த்தான். தன் ஆளே தன் மடியில் வந்து உட்காரப்போகிறான் என்று தெரிந்து மிரண்டு, மறுபக்கமாக ஓடினான். என் விரல் அவன் சட்டையை உரசியது. சட்டையைத்தான் உரசியது.

மறுபக்கத்தில் வின்ஸ்லோ நின்றிருந்தான். வழுக்கிவிட்டு அப்போதுதான் எழுந்தவன். குவார்ட்டர்பேக் தானாக ஓடிவந்து அவன் கையில் விழுந்தான். பந்து தெறித்தது. அதன்மேலும் வின்ஸ்லோவே விழுந்தான். ஆட்டம் முடிந்தது. மைதானம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. எல்லோரும் அவனைத் தூக்கப் போனார்கள். நான் ஹால்வர்மேல் விழுந்து கிடந்தேன்.

“மூச்சு!” என்றான் கீழேயிருந்து. “எருமை மாடே, மூச்சப் போட்டு என்னை ஏமாத்திட்டயேடா!”

“காலப் போட்டு நீ ஏமாத்தல?”

சிரித்தான். எழுந்து என் முதுகிலிருந்த புல்லைத் தட்டிவிட்டான். தன் கோச் நிற்கிற பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. “பாத்திருப்பார்” என்றான். “எவ்ளோ தூரம் போனேன்?”

“கொஞ்சம்தான்” என்றேன். நிறையத்தான் போயிருந்தான்.

செவ்வாய்க்கிழமை பகல்தான் கெடு. மத்தியானத்துக்குள் எல்லா அணிகளும் ஆட்களைக் கழித்துவிட வேண்டும். யாராவது வந்து கதவைத் தட்டி, “கோச் கூப்பிடறார், டேப்லெட்டையும் எடுத்துக்கிட்டு வா” என்று சொன்னால் முடிந்தது கதை. ஆட்டங்களெல்லாம் ஏற்றிய டேப்லெட்டை வாங்கி வைத்துக்கொண்டுதான் கை கொடுப்பார்கள். தட்டாவிட்டால் பிழைத்தோம். காலையிலிருந்து அறையில் நடந்தேன். காலுறையைப் போட்டேன், கழற்றினேன். நடைபாதையில் காலடிச் சத்தம் கேட்டால் நின்றேன், அது தாண்டிப் போனதும் மறுபடி நடந்தேன். ஓடெட் போன் செய்தாள்.

“ஏதாவது தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? சும்மா சும்மா கூப்பிடாத!”

“என்கிட்ட ஏன்டா எரிஞ்சு விழற? நான் என்ன உன் கோச்சா?” என்று வைத்துவிட்டாள். அடுத்த நிமிடமே நான் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது.

கோச் ப்ரூயிட் சுற்றி வளைக்கவில்லை. “நீதான் தள்ளுன. நான் பாத்தேன். படத்தப் போட்டு மேல இருக்கறவங்களுக்கும் காமிச்சேன். ஆனா சாய்ச்சது வின்ஸ்லோன்னுதான் எழுதியிருக்கு, அவங்களுக்கு அது போதும். என்னால ஆனத சொல்லிப் பாத்துட்டேன் தம்பி.”

“கோச், நான் ஓரத்த விடலயே?”

“விடல” என்றார். அவர் குரலே அடங்கியிருந்தது. “ரொம்ப நல்லா ஆடுன. அதான் எனக்கு வயித்தெரிச்சல்.”

வண்டி நிறுத்துமிடத்தில் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஹால்வரிடமிருந்து செய்தி. “உள்ள இருக்கேன்டா! வெச்சுக்கிட்டாங்க! நீ?” பின்னாலேயே பீர் கோப்பைப் படம் ஒரு டஜன். எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது, அதைச் சொல்ல என்ன வெட்கம்? இருந்தாலும் “சந்தோஷம்டா. என்னை அனுப்பிட்டாங்க” என்று போட்டேன். உடனே கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை.

தெற்கே ஓட்டினேன். ஒரு அணி கழித்துவிட்டவனை இன்னொரு அணி விரும்பினால் எடுத்துக்கொள்ள ஒரு நாள் அவகாசம் உண்டு. அதை நம்பிக் காத்திருக்கிற வயதெல்லாம் எனக்குப் போய்விட்டது. வழியில் ஒரு விடுதியில் படுத்துக் காலையில் மறுபடி கிளம்பினேன். ஓடெட்டின் மாமா பேசினார், ஆலையில் திங்கட்கிழமையே சேர்ந்துகொள்ளலாமாம். “சரிங்க மாமா” என்றேன். மதியம் கென்டக்கியில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. வங்கிக் கடன் விற்கிறவன் என்று நினைத்து வாயில் வந்ததைச் சொல்ல ஆயத்தமானேன்.

“டெரியோவா? மில்வாக்கிலருந்து பேசறோம். உங்கள எடுத்திருக்கோம். லூயிவில்லுலருந்து சாயங்காலம் ஒரு பிளைட் இருக்கு. புடிக்க முடியுமா?”

பெட்ரோல் பைப்பைக் கையில் வைத்துக்கொண்டே குதித்தேன். செருப்பெல்லாம் பெட்ரோல். ஓடெட்டைக் கூப்பிட்டேன், வாக்கு வாக்குதான், ஆனால் எண்ணெய் ஆலை எங்கே ஓடிவிடப் போகிறது என்று அவளே கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். அடுத்து ஹால்வரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நேற்று நான் எடுக்காததற்குப் பழி வாங்குகிறான், வாங்கட்டும். “டேய் மலைமாடே, வந்துட்டே இருக்கேன். ரூம்ல சன்னல் பக்கத்துக் கட்டில் எனக்கு” என்று செய்தி போட்டேன். விமானம் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, ஆனால் இது வேறு. தினமும் அவனோடு மோதலாம். நான் அவனைத் தள்ள, அவன் என்னைக் கவிழ்க்க, இரண்டு பேரும் தேறிவிடுவோம். பக்கத்து இருக்கைப் பெண்மணி என் ஆடுகிற முட்டியைப் பார்த்து, “விமானப் பயமா கண்ணு?” என்று கேட்டார்.

மில்வாக்கியில் அணியின் வேன் காத்திருந்தது. ஓட்டுநர் வழியெல்லாம் அவசரப்பட்டார். பயிற்சிக்கூட வாசலில் நிறுத்தி, “சீக்கிரம் எறங்குங்க சார். இதே வண்டில ஒருத்தர ஏர்போர்ட்ல விடணும்” என்றார்.

இறங்கினேன். நடைபாதையில் இரண்டு பைகளோடு ஹால்வர் நின்றுகொண்டிருந்தான்.

ஒரு கணம் என்னை வரவேற்கத்தான் நிற்கிறான் என்று நினைத்து, மடையன் மாதிரி கையை விரித்துக்கொண்டு போனேன். பிறகு பைகளைப் பார்த்தேன்.

“எங்கடா?”

“வீட்டுக்கு” என்றான். “ஒருத்தன எடுத்தா ஒருத்தன விடணும்ல. எடம் அவ்ளோதான இருக்கு.”

“நேத்துதானே வெச்சுக்கிட்டதா சொன்ன!”

“நேத்து வெச்சுக்கிட்டாங்க. இன்னிக்கி நீ வந்துட்ட.”

“ஏன்டா, உன் பேர்தானா கெடச்சுது அவங்களுக்கு?”

அவன் பையின் வாரைச் சரிசெய்தான். பிறகு சொன்னான். “காலைல கோச் கூப்பிட்டார். ‘கொலம்பஸ்ல டெரியோவ விட்டுட்டாங்களாம், நீ அவன்கூட இருந்தவனாச்சே, எப்படி ஆளு?’ன்னு கேட்டார்.”

“நீ என்ன சொன்ன?”

“இந்தக் கோடை முழுக்க ஒருத்தனும் என்னை அப்படித் தள்ளுனதில்லன்னு சொன்னேன். ஒத்தக் கையில தள்ளுனான், எடுத்துருங்கன்னு சொன்னேன்.”

“அட அறிவு கெட்டவனே!” நான் கத்திவிட்டேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். “யாராவது அப்படிச் சொல்வாங்களா? என்னைத் தள்ளிட்டான், என்னைத் தள்ளிட்டான்னு நீயே போயி சொன்னா, அவங்க தள்ளுனவன மட்டுமா பாப்பாங்க?”

“சந்தோஷத்துல சொல்லிட்டேன்டா. நீ வருவ, மறுபடியும் ஒரே ரூம்னு நெனச்சேன். உன்னப் பத்திதான் கேக்கறாங்கன்னு இருந்துட்டேன்.” அவன் முகத்தில் கோபமே இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. “அப்புறம் படத்தப் போட்டு ரெண்டு தரம் பாத்தாங்க. நானும் உக்காந்து பாத்தேன். நல்லா தள்ளியிருந்தடா.”

ஓட்டுநர் ஹாரனை லேசாகத் தட்டினார். ஹால்வர் பைகளை உள்ளே தள்ளிவிட்டுக் குனிந்து ஏறினான். அவன் ஏறியதில் வேன் ஒரு பக்கம் சாய்ந்தது.

“வேற எங்கயாவது கூப்பிடுவாங்கடா” என்றேன். என் காதுக்கே பொய்யாகக் கேட்டது.

“கூப்பிடுவாங்க. உள்ள போ, ஒடம்பச் சோதிக்க டாக்டர் காத்துட்டிருப்பார்” என்று கதவை இழுத்துச் சாத்தினான்.

வேன் நகர்ந்தது. ஓடிப்போய் அதை நிறுத்த வேண்டும்போல் இருந்தது. நிறுத்தி என்ன சொல்வேன்? இறங்குடா, உன் இடத்தை நீயே வைத்துக்கொள் என்றா? சொல்ல மாட்டேன். நடுரோட்டில் நின்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டுப் பார்த்தேன், சொல்லவே மாட்டேன். எனக்கு அந்த இடம் வேண்டும். அவ்வளவு ஆசை எனக்கு அதன்மேல். அவனுக்கும் அவ்வளவு ஆசை இருந்தது, இருந்தும் அந்த முட்டாள் உண்மையைச் சொல்லிவிட்டான்.

வேன் திருப்பத்தில் மறைகிறவரை நின்றேன். பிறகு பைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். வாசலில் இருந்தவர் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன்.